இடது பின்சக்கரம்

இல்ல சார், அந்தக் கட்டத்த கடைசியா வெச்சுக்கலாம். கடைசி ரேஸ்ல வண்டி ஏன் பாதியில நின்னுச்சுங்கறத இப்பவே எழுதணுமா என்ன? மேல இருக்கறத எல்லாம் மொதல்ல ரொப்பிடுவோம். எங்க வீட்டுக்காரரு தெருமுனையில உங்க லாரி திரும்புமான்னு டேப் வெச்சு அளந்துட்டிருக்காரு. திரும்பும்னு லாரி டிரைவர் சொன்னா நம்ப மாட்டாரு. தெருவ அளப்பாரு, லாரிய அளப்பாரு, அப்புறம் ரெண்டையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாப்பாரு. எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.

அந்த டயர் மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. மியூசியத்துக்குப் போனா சுத்திக் கயிறு கட்டி யாரும் தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சிடுவீங்க. இப்பவே உக்காந்துக்குங்க.

வண்டி பேரா? அவரு வெச்ச பேரு உங்க ஃபாரத்துலயே இருக்கே, எழுத்தும் நம்பருமா. நான் வெச்ச பேரு மகராணி. வந்த நாள்லேர்ந்து எல்லாம் அவளுக்குத்தான். புதுத் துண்டு அவளத் தொடைக்க, கிழிஞ்சது எனக்கு. எனக்குக் காய்ச்சல்னா வாசப்படியில நின்னு மாத்திரை போட்டியான்னு கேப்பாரு. அவளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினா அடியிலயே பாய விரிச்சுப் படுத்துக்குவாரு.

வடிவமைச்சது அவரேதான். பஸ்ஸுக்கு பாடி கட்டற கம்பெனியில வரைபடம் போட்டுட்டிருந்தாரு. பஸ்ஸுன்னா நிமிந்து நிக்கற பெட்டி. அதையே பதினாறு வருஷம் வரைஞ்ச மனுஷனுக்கு, இடுப்பு உயரத்துக்கு ஒரு காரு செய்யணும்னு எப்படித் தோணுச்சுன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல. அதுவும் கடையில விக்கிற கார் இல்ல. ரேஸுக்குன்னே, உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு. அதுவும் மணிக்கணக்கு ரேஸ். ஆறு மணி நேரம், பன்னண்டு மணி நேரம்னு வெச்சு, அதுக்குள்ள யாரு நெறைய சுத்து சுத்தறாங்கன்னு பாக்கறது. வேகம் ரெண்டாம்பட்சம் சார், தாக்குப்பிடிக்கறதுதான் விஷயம். அப்படிப் பாத்தா இந்த வீட்டுல கோப்பை எனக்குத்தான் வந்திருக்கணும்.

எழுதிக்குங்க, காத்து சோதனை: வீட்டிலேயே செய்யப்பட்டது. நெஜமாதான். பெரிய கம்பெனிக்காரங்க சுரங்கம் மாதிரி கட்டி காத்து விட்டுப் பாப்பாங்களாமே. இவரு நான் ஸ்வெட்டர் பின்ன வாங்கி வெச்ச நூலத் துண்டு துண்டா வெட்டி, வண்டி முழுக்க ஒட்டிட்டாரு. ஓடும்போது நூல் படிஞ்சு கெடந்தா காத்து ஒழுங்காப் போகுதாம், ஆடினா சரியில்லையாம். நான் பின்னாடியே இன்னொரு கார்ல கேமராவும் கையுமா. வண்டி மயிர் மொளைச்ச எலி மாதிரி போச்சு.

அப்புறம் எடை. என் சமையல்கட்டுத் தராசு இங்க வந்துடுச்சு. ஒவ்வொரு போல்ட்டா நிறுத்து நிறுத்து, எங்கெல்லாம் ஓட்டை போட முடியுமோ அங்கெல்லாம் போட்டாரு. பிரேக் பெடல்லயும் போட்டாரு. அது ஒடிஞ்சது மொதல் ஓட்டத்துலயே. ஓட்டினது என் தம்பி. பெடலக் கையில எடுத்துட்டு எறங்கி வந்து, மாமா, இது உங்களுதுன்னு குடுத்தான். ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல ஷெட்டு அதிர்ந்துச்சு. அப்ப அப்படித்தான் இருந்தாங்க, ஒரே தட்டுல சாப்பிடற மாதிரி.

ரெண்டாவது சீட்டா? அது விதி சார். ரெண்டு பேரு உக்கார எடம் இருந்தாத்தான் உள்ள விடுவாங்க, ஆனா யாரும் உக்கார மாட்டாங்க. அந்த சீட்ட என் அளவுக்குத்தான் செஞ்சாரு. டேப்ப எடுத்துட்டு வந்து தோளு, இடுப்பு எல்லாம் அளந்தப்ப, எனக்கு ரவிக்கை ஏதோ தைக்கக் குடுக்கப் போறாருன்னு நெனச்சு நான் கூச்சப்பட்டேன். செஞ்சு முடிச்சு அதுல பேட்டரிய வெச்சாரு.

சரி, ரேஸ் விவரத்துக்கு வருவோம். மொத்தம் அஞ்சு.

மொதல் ரேஸ், ஆறு மணி நேரம். நாம ஓடினது மூணு சுத்து. கியர் பெட்டி போச்சு. நான் கட்டிட்டுப் போன சாப்பாட்டு மூட்டையக்கூட அவுக்கல.

ரெண்டாவதுல பின்பக்க மூடி பறந்து போய், கொடி காட்டறவரு கூடாரத்து மேல விழுந்துச்சு. அவருக்கு ஒண்ணும் ஆகல. காத்து ஒழுங்காத்தான் போயிருக்கு, அதனாலதான் அவ்வளவு தூரம் பறந்துச்சுன்னு இவரு அங்கயே விளக்கம் குடுத்தாரு.

மூணாவதுல வண்டி கடைசிவரைக்கும் ஓடுச்சு சார். ஆனா நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி ரிப்பேர் பாத்ததுல சுத்து கொறஞ்சு போச்சு. ஜெயிச்சவன் போட்டதுல இத்தனை பங்காவது போட்டிருந்தாத்தான் பட்டியல்ல பேரு வருமாம். ஓடுச்சு, ஆனா ஓடலன்னு எழுதிக் குடுத்தாங்க.

நாலாவதுல ஓடவே விடல. எடை ரெண்டு கிலோ கம்மி. எல்லாம் அந்த ஓட்டைங்க புண்ணியம். டிரைவர் ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சா ஒத்துக்குவீங்களான்னு கேட்டாரு எங்க வீட்டுக்காரரு. எடை பாத்த அதிகாரி சிரிக்கவும் முடியாம திட்டவும் முடியாம நின்னாரு.

அஞ்சாவது, பன்னண்டு மணி நேரம். காலைல ஆறு மணிக்குக் கெளம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு முடியணும். ஓட்டறதுக்கு ரெண்டு பேரு, மாத்தி மாத்தி. என் தம்பி ஒருத்தன், இன்னொருத்தரு ஒரு பல் டாக்டர். டாக்டர் நல்லவரு, ஆனா வளைவு வந்தா கண்ண மூடிக்குவாரோன்னு எனக்குச் சந்தேகம். பதினாலு வண்டி கெளம்புச்சு. மத்தியானத்துக்குள்ள எட்டு படுத்துடுச்சு. ஒருத்தனுக்கு இன்ஜின் வெடிச்சுச்சு, ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டாங்க, மழை வேற ஒரு தூத்தல் போட்டு ரெண்டு பேர மண்ணுல எறக்கிவிட்டுடுச்சு. நம்ம மகராணி எதையும் கண்டுக்காம தேமேன்னு சுத்திட்டே இருந்தா. மூணு மணிக்கு ரெண்டாவது. நாலரைக்கு மொதலாவது. ஆமா சார், நம்ம வண்டிதான். அஞ்சே காலுக்கு மூணு சுத்து முன்னாடி இருந்தோம்.

என் வேலையா? எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, பலகை. வயர்லெஸ் எப்பவும் போல காலைலயே செத்துப் போச்சு. அப்புறம் டிரைவருக்கு எது சொல்றதா இருந்தாலும் செவுத்தோரமா நின்னு பலகையில எழுதித் தூக்கிக் காட்டறதுதான். எத்தனாவது எடம், எவ்வளவு நேரம் பாக்கி, உள்ள வா. உள்ள வான்னா, ஓட்டத்த விட்டு ரிப்பேர் பாக்கற எடத்துக்கு வந்து நிக்கணும். இன்னொண்ணு, நோட்டு. அந்த வண்டியில ஒவ்வொரு பாகத்துக்கும் ஆயுசு உண்டு சார். இது இத்தனை மணி நேரம் ஓடலாம், அதுக்கு மேல ஓடினா நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் கழட்டிப் போட்டுடணும். அவரேதான் கணக்குப் போட்டு எழுதுவாரு, ஓட ஓட நான் மணி ஏத்திட்டே வருவேன்.

இந்த இடது பின்சக்கரம் இருக்கே, அது மாட்டற ஹப்பு, இதோ உள்ள தெரியுது பாருங்க, இதுக்கு முப்பது மணி நேரம். ரேஸுக்கு வர்றப்பவே இருபத்தாறு ஓடியிருந்துச்சு. புதுசு ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தோம், அத சோதனை ஓட்டத்துல வலது பக்கத்துக்குப் போட வேண்டியதாப் போச்சு. நான் நோட்டக் காட்டினேன். அவரு பேனாவ வாங்கி முப்பத அடிச்சுட்டு நாப்பதுன்னு எழுதினாரு. ஏங்கன்னேன். மொதல்ல நான் பயந்துபோய் கம்மியா எழுதிட்டேன், இரும்புக்கு உன்னவிடப் பொறுமை ஜாஸ்தின்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு அப்ப.

அஞ்சே காலுக்கு எனக்குச் சிரிப்பு வரல. வண்டி என்னத் தாண்டிப் போறப்பல்லாம் பின்னாடி ஒரு சத்தம். டிக், டிக்னு. கேட்டுச்சா, கேட்ட மாதிரி இருந்துச்சான்னு இன்னிக்கும் சத்தியம் பண்ண மாட்டேன். உள்ள என் தம்பி. அந்த நேரான எடத்துல அவன் போற வேகத்துல சக்கரம் கழண்டா என்ன ஆகும்னு பதினாறு வருஷம் பஸ் வரைஞ்சவரோட பொண்டாட்டிக்கே தெரியும். ஓடிப்போய்ச் சொன்னேன். கல்லு அடிக்கற சத்தம்னாரு. இன்னும் முக்கால் மணி நேரந்தான், சும்மா இருன்னாரு. அவரு முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நான் எங்க கல்யாணத்துலகூடப் பாக்கல சார்.

பட்டியல்ல என்ன இருக்கு, படிங்க. டிரைவர் அழைப்பின்றி உள்ளே வந்தார், இன்ஜின் மீண்டும் கிளம்பவில்லை. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சது. உள்ள வந்து நின்னா இன்ஜின அணைக்கணும்ங்கறது விதி. சூடா இருக்கறப்ப அணைச்சா மகராணி எந்திரிக்க மாட்டா, ஸ்டார்ட்டர் மேல ஐஸ் மூட்டைய வெச்சு அமுக்கினாத்தான் எந்திரிப்பா. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஓட்டினோம். ஆனா அந்த நேரம் ஐஸே இல்ல. தலைமை மெக்கானிக்கு, இனிமே நிக்கற வேலையே இல்ல, ஜெயிச்சாச்சுன்னு ஐஸ் பெட்டியக் கவுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காயவெச்சுட்டாரு. சுத்தக்காரரு. தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணவும் விதி கெடையாது. ஆறு மணி அடிச்சப்ப மொதலாவது வந்துட்டிருந்த வண்டிய சுத்தி நாங்க எட்டு பேரு நின்னுட்டிருந்தோம்.

பயந்து வந்துட்டான்னு இவரு சொன்னாரு. உன் தம்பிக்கு ஜெயிக்கத் தைரியம் இல்லன்னாரு. எல்லாரு முன்னாடியும். அவன் ஹெல்மெட்டக் கழட்டிட்டு என்னையே ஒரு பார்வை பாத்தான். போயிட்டான். பதினோரு வருஷம் ஆச்சு. அவன் இந்த வீட்டுப் படி ஏறல, இவரு அவன் பேர எடுக்கல. அவன் பொண்ணு காதுகுத்துக்குக்கூட இவரு... விடுங்க, எந்த நல்லது கெட்டதுக்கும் நான் மட்டும் தனியாப் போயிட்டு வர்றேன்.

அவன் பலகையப் பாத்துட்டுத்தான் வந்தான் சார். நான் காட்டினத அவன் தப்பாவே படிக்கல.

ஆமா. நாந்தான் காட்டினேன். உள்ள வான்னு. ஐஸ் பெட்டி வெயில்ல காயறதையும் பாத்துட்டுத்தான் காட்டினேன். எல்லாரும் ஜெயிச்சாச்சுன்னு அந்தப் பக்கம் கட்டிப்புடிச்சுட்டு நின்னாங்க, ஒருத்தரும் பாக்கல. வண்டி உள்ள திரும்பினதும் பலகைய என் புடவைத் தலைப்பால தொடைச்சுட்டேன்.

சொல்லியிருக்கலாம். இன்னிக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். அந்த ஹப்பக் கழட்டினதும் உள்ள கீறல் இருக்கும், அதக் கையில புடிச்சுட்டே சொல்லிடலாம்னு காத்துட்டிருந்தேன். இவருதான் ஞாயித்துக்கெழமை ஆனா ஒவ்வொண்ணாக் கழட்டி, செவப்பு மையத் தடவிக் கீறல் தேடறவராச்சே. மத்த மூணு ஹப்பையும் பாத்துட்டாரு, ரெண்டு தடவை. இங்க வாங்க, குனிஞ்சு பாருங்க. நட்டு மேல மஞ்சளா ஒரு பெயின்ட் கோடு இருக்கா? முறுக்கி முடிச்சதும் நட்டுலயும் ஹப்புலயும் சேத்து இழுக்கறது. கழட்டினா கோடு ஒடஞ்சுடும். அது ரேஸ் அன்னிக்குக் காலைல நான் இழுத்த கோடு.

பதினோரு வருஷமா இவரு அத மட்டும் தொடவே இல்ல சார். ஏன்னு நானும் கேட்டதில்ல.

உங்க எடத்துல இரும்புக்குள்ள பாக்கற மிஷின் இருக்காமே. அதுல பாத்துட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. கீறல் இருந்தாலும் பண்ணுங்க, இல்லேன்னாலும் பண்ணுங்க. இதுக்காகத்தான் வண்டியக் குடுத்துடலாம்னு இவர ஒரு வருஷமா அரிச்சு எடுத்தேன். ஷெட்டுல எடம் இல்லன்னு சொன்னதெல்லாம் சும்மா.

இருங்க, செருப்புச் சத்தம் கேக்குது. லாரி திரும்பும்னு கண்டுபிடிச்சுட்டாரு போல. இப்ப அந்தக் கட்டத்த எழுதிக்குங்க, வண்டி பக்கத்துல நீங்க வெக்கற போர்டுலயும் அப்படியே வரணும். மிஷின் என்ன சொன்னாலும் இத மாத்தக்கூடாது. டிரைவர் பயந்து வரல. கூப்பிட்டாங்க, வந்தாரு.

யாரு கூப்பிட்டதுன்னு போடணுமா? அக்கான்னு போடுங்க.