எஸ்கில் கட்டிய கோணல் ஈ

இப்போதெல்லாம் யாரும் ஈயை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கி, போனில் படம் பிடித்துவிட்டு ஆற்றில் எறிகிறார்கள். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ நனைந்தால் எப்படி ஒடுங்கும் என்பது நாக்குக்குத்தான் தெரியும். எஸ்கில் கட்டிய ஈயை வாலிபத்திலிருந்தே நான் அப்படித்தான் பார்த்து வந்தேன்.

அவன் ஈக்கள் எங்கள் மீன்பிடிச் சங்கத்துச் சுவரில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. நார்வேக்காரர்கள்கூட வந்து குனிந்து பார்ப்பார்கள். அவன் சிநேகிதன் என்று எனக்கும் காபி ஊற்றுவார்கள்.

போன வருஷம் அவன் கண் மங்கிவிட்டது. ஆனாலும் கட்டினான். இறகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். கோபன்ஹேகன்காரன் ஒருவன் அதை விரலில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான். எஸ்கிலும் கூடச் சேர்ந்து சிரித்தான். நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“போதும்டா, இருக்கிற பேரைக் கெடுத்துக்காதே” என்றேன்.

“போடா கிழவா. பேரு சுவத்துல தொங்குது, அத நீயே பாத்துக்கோ. நான் இப்பத்தான் கண்ண மூடிக்கிட்டு கட்டப் பழகறேன். இவ்வளவு சந்தோஷமா எப்பவும் கட்டினதில்ல.”

வீம்புக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தத்தில் மீன்பிடிப்பு தொடங்குமுன், எங்களில் மூத்தவன் மடுவின் விளிம்பில் ஒரு கம்பு நடுவான். தண்ணீரில் இறங்கி நடப்பவன், கம்பு கையில் தட்டினால் நின்றுவிட வேண்டும்; அதற்கப்புறம் ஆழம். அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. மூத்தவன் நான். இந்த வருஷம் படகில் போய், மடுவுக்கு அந்தப் பக்கம் நட்டேன். முதலில் இறங்குவது எப்போதும் எஸ்கில்தான்.

தூண்டிலை வீசிக்கொண்டே போனான்.

“கம்பு இன்னும் கைக்கு வரலியே, தோகர்” என்றான்.

“இன்னும் கொஞ்சம் போ” என்றேன்.

இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் உடலை வெளியே எடுத்தபோது தூண்டில் கோலின் வார் அவன் மணிக்கட்டில்தான் இருந்தது. நூல் விறைத்து நின்றது. மறுமுனையில் பெரிய டிரவுட் மீன் ஒன்று, உயிரோடு. அதன் தாடையில் அந்தக் கோணல் ஈ.

அவன் மனைவி டக்னி அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். “பாருங்க தோகர், அவரு கட்டினதுதான்” என்றாள்.

மீனுக்கு என்ன தெரியும்? அவன் பேரைக் காப்பாற்றியது நான். ஈயை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரையேறி நடந்தேன்.