கையைத் தூக்கினால் பேசக்கூடாது

இறந்தவரின் மனைவி நான். என் பெயர், என் தகப்பனார் பெயர், வீட்டு முகவரி ஆகியவை மேலே எழுதப்பட்டிருப்பது சரி. வயது ஐம்பத்தாறு. மருந்துக் கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தனார், கொடுத்திருக்கும் புகாரைக் காவல் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். என் கணவருக்குப் பக்கவாதம் வந்ததைப் பார்த்தும் நான் வேண்டுமென்றே உதவிக்குப் போகாமல் இருந்ததாகவும், மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு அது தெரியாமல் இருக்காது என்றும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் தபால் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட் பற்றிப் புத்தகம் எழுதுவார். ஆட்டம் எப்படி இருந்தது என்று வர்ணிக்கிற புத்தகம் இல்லை. ஆட்டக்காரர்களின் வாழ்க்கை, அவர்கள் எடுத்த ரன், சராசரி, எந்த ஆட்டத்தில் எப்படி அவுட் ஆனார்கள் என்கிற விவரம், இதெல்லாம். மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன. எனக்குக் கிரிக்கெட் பிடிக்காது. அது குற்றமென்றால் அதையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கல்யாணம் ஆனதிலிருந்து பழைய ஆட்டங்களின் ஸ்கோரை நான்தான் அவருக்கு வாசித்திருக்கிறேன். நான் வாசிப்பேன், அவர் டிக் அடித்துக்கொண்டே வருவார். நான் முகம் பார்த்திராத எத்தனையோ பேருடைய சராசரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். என் சொந்த அண்ணனின் பிறந்த நாள் தெரியாது.

கூட்டும்போது மட்டும் அவர் தனியாகக் கூட்டுவார். கால்குலேட்டரை நம்பமாட்டார், தப்பாக அழுத்தினால் அது தப்பாகத்தான் சொல்லும் என்பார். வலது கையில் பென்சில் இருக்கும். யாராவது வருகிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் இடது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்குவார். பேசாதே, கூட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு தடவை எங்கள் மகள் தெரியாமல் ஏதோ கேட்டுவிட, அதுவரை கூட்டியிருந்த மூன்று பக்கத்தையும் திரும்ப முதலிலிருந்து கூட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வரமாட்டேன் என்றார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கை தூக்கியிருந்தால் குக்கரைக்கூட அணைத்துவிடுவோம். தண்ணீர் கேன் போட வருகிறவருக்கும் இது தெரியும்.

இப்போது அச்சில் இருக்கும் நான்காவது புத்தகம், தேசிய அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு அப்புறம் கூப்பிடப்படாமலே போனவர்களின் வாழ்க்கை. அதில் ஒரு பழைய ஆட்டத்தின் கணக்கு இடித்தது. ஆளாளுக்கு எடுத்த ரன்னையும் உதிரி ரன்னையும் கூட்டினால் அணியின் மொத்தத்துக்கு ஒரு ரன் குறைந்தது. பதிப்பாளர் போன் பண்ணி, "சார், ஒத்த ரன்னுதானே, யாரு சார் பாக்கப் போறாங்க" என்றார். அதற்கு இவர், "அந்த ஒத்த ரன்ன எவனோ ஒருத்தன் மூச்சு வாங்க ஓடியிருக்கான்யா. அவன் ஆடுனதே ஒரு ஆட்டம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து வீடு முழுக்க அந்த ஒரு ரன்தான். குளித்துவிட்டு வந்து தலை துவட்டாமல் உட்கார்ந்து கூட்டுவார்.

சம்பவம் நடந்தது ஞாயிற்றுக்கிழமை. உறவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருந்ததைப் பார்க்கச் சாயங்காலம் போவதாக இருந்தது. கொழுந்தனார் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். சாப்பிட்டுவிட்டு என் கணவர் உள் அறைக்குப் போனார். அங்கே மேசை ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது, வாசலில் நின்றால் முதுகுதான் தெரியும். மேசையின் இரண்டு பக்கமும் கிரிக்கெட் ஆண்டு மலர்களை அடுக்கி வைத்திருப்பார். சீக்கிரம் கிளம்பச் சொன்னேன். "ஒரே ஒரு தடவ பாத்துடறேம்மா" என்றார். எனக்குக் கோபமாக இருந்தது. பிறந்த குழந்தைக்குக்கூடப் போட்டியாக ஒரு ரன் வந்து நிற்கிறதே என்று நினைத்தேன்.

அதன் பிறகு டீ போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் நான் நின்றதும் அவர் இடது கையைத் தூக்கினார். முழங்கை பக்கத்திலிருந்த புத்தக அடுக்கின் மேல் இருந்தது. தலை குனிந்திருந்தது. குனிந்துதான் கூட்டுவார். பென்சில் கீழே கிடந்ததைப் பார்த்தேன். மேசை மேல் இன்னும் நாலைந்து பென்சில் இருக்கும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கை கொஞ்சம் ஆடியது. எரிச்சலில் ஆட்டுகிறார் என்று நினைத்தேன். டீயைத் திரும்பச் சமையலறைக்கு எடுத்துப் போய் மூடி வைத்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தேன். கதவைச் சத்தம் வராமல் சாத்தினேன்.

அதன் பிறகு உடை மாற்றிக்கொண்டு, தலை வாரி, குழந்தைக்கு வாங்கிய துணியை எடுத்து வைத்துவிட்டு மறுபடி வந்து கதவைத் திறந்தபோது கை கீழே இறங்கியிருந்தது. கூட்டி முடித்துவிட்டார் என்று நினைத்து, "கெடச்சுதா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார். அதன் பிறகு கொழுந்தனாரும் நானும் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கொண்டுவரத் தாமதமாகிவிட்டது என்றார்கள். மறுநாள் பேசாமலே இறந்துவிட்டார்.

வலது பக்கமும் பேச்சும் முதலிலேயே போயிருக்கும் என்றும், இடது கை மட்டும்தான் வேலை செய்திருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். கூப்பிட அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான். அது எங்கள் வீட்டில் எதற்கு என்று மேலே சொல்லிவிட்டேன்.

நான் உள்ளே போய் அவர் நிலையைக் கண்ட நேரத்தில்தான் தான் வந்து சேர்ந்ததாகக் கொழுந்தனார் புகாரில் சொல்லியிருக்கிறாரே, அது சரியா என்று ஆய்வாளர் கேட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். அதன் பிறகு சொன்னேன். அது சரியில்லை. நான் டீயோடு வாசலில் நின்றபோதே கொழுந்தனார் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "கிளம்பலாமா அண்ணி" என்று ஆரம்பித்தவரை நான்தான் வாயில் விரலை வைத்துக் காட்டி நிறுத்தினேன். என் தோளுக்கு மேலாக எட்டி அந்தக் கையை அவரும் பார்த்தார். கிரிக்கெட்டில் பந்து மட்டையில் படாமல் ஓடி எடுக்கிற உதிரி ரன்னுக்குப் பை என்று பெயர், அதற்கு நடுவர் ஒரு கையைத் தலைக்கு மேல் இப்படித்தான் தூக்கிக் காட்டுவார். கொழுந்தனார் என் காதருகே, "தொலைஞ்ச ரன்னு கெடச்சிருச்சு அண்ணி. பையிலதான் இருந்துருக்கு. பாருங்க, கையத் தூக்கிக் காட்டுறாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு வந்தோம். நான் உடை மாற்றும் வரை அவர் முன்னறையில் உட்கார்ந்து போனில் மேட்ச் பார்த்தார், சத்தம் வைக்காமல்.

கொழுந்தனார் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர் பொய் சொல்லியிருக்கிறார் என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாண்டி வந்து நிற்கப் பார்க்கிறார். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். தாண்ட முடிந்திருந்தால் நானும் தாண்டியிருப்பேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். பேச்சு போயிருந்தாலும் அவருக்குக் காது கேட்டிருக்குமா என்று டாக்டரிடம் நான் கேட்டேன். நன்றாகவே கேட்டிருக்கும் என்றார்.

இதுவரை எழுதியதை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். சிரித்தோம் என்று வருகிற இடத்தில் நிறுத்தி, அது வழக்குக்குத் தேவையில்லை, வேண்டுமானால் எடுத்துவிடலாம் அம்மா என்றார். எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல், நடந்ததை நடந்தபடி நானே சொன்னேன், சொன்னபடிதான் எழுதியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
இறந்தவரின் மனைவி