தேவி ஃபோல்டரின் அளவு

ஒரு ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்ப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை, ஐயா. அதன் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் ஒரு அழுத்து. கடைசி வரியைத் தொட்டால் அளவு வந்து நிற்கும். லேப்டாப் மெதுவாக ஓடுகிறதென்று அருப்புக்கோட்டையில் இன்பராஜ் கடைக்குக் கொண்டுபோனபோது அவர்தான் காட்டிக்கொடுத்தார். ஃபோல்டரைத் திறக்கவே வேண்டியதில்லை என்றார். அதுதான் எனக்குப் பிடித்துப்போனது. அடுத்தவர் பொருளைத் திறந்து பார்க்கிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது.

பருத்தி மண்டியில் பதினெட்டு வருஷமாக எடை பார்க்கிறேன். பருத்தி கொண்டுவரும் சம்சாரிகளில் சிலர், எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளித்திருப்பார்கள். மூட்டையைப் பிரிக்காமல், ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். "ஏலே, மாரிக்கண்ணன் கைய ஏமாத்த முடியாது" என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். காரணமில்லாமல் எடை கூடாது. அந்த ஒரு கணக்கில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

என் மனைவி ரேணுகாதேவி வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பாள். திருச்சுழி ரோட்டில், ஊரைத் தாண்டி எங்கள் வீடு. சுற்றிலும் கருவேலங்காடு. அதனால் காலையில் வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், எல்லாம் பாதுகாப்புக்கு. சாயங்காலம் வந்ததும் அவளுடைய 'தேவி' ஃபோல்டரின் அளவைப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஒரு எம்பி கூடும். டைப் அடித்தால் அவ்வளவுதான் கூடுமாம்.

மாசியில் ஒருநாள் நாற்பது எம்பி கூடியிருந்தது. மறுநாள் அறுபது.

"இன்னைக்கு என்ன வேல பாத்த?" என்று கேட்டேன்.

"எப்பவும்போல டைப்புதாங்க."

பொய். நான் கையை ஓங்கவில்லை, சத்தம் போடவில்லை. அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். அப்படியும் கூடியது. நெட் வருகிற டாங்கிளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். டைப் வேலை நின்றுபோனது, ஃபோல்டர் மட்டும் நிற்கவில்லை. நெட்டில் ஒன்றும் வர வழியில்லை என்றால், யாரோ ஆள்தான் நேரில் வந்து ஏற்றிவிட்டுப் போகிறான். வேறு என்ன நினைக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். வேலை மெனக்கெட்டு மதியத்தில் வந்து பார்த்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது. அடைத்து வைத்தது அவளை என்று ஊர் பேசுகிறது. மூச்சு முட்டிக் கிடந்தது நான்தான்.

சித்திரை கடைசியில் தூத்துக்குடிக்கு லோடு. இரண்டு நாள் ஆகும். உர மூட்டை போடுகிற தகர அறையில் அவளை விட்டுப் பூட்டினேன். அதற்கு ஜன்னல் இல்லை, எவனும் வர முடியாது. லேப்டாப்பை மட்டும் அவளிடமே விட்டேன். அதை எடுத்துவிட்டால் உண்மை எப்படித் தெரியும்?

"ஏங்க, வெக்க தாங்காதுங்க. ஒரு குடம் தண்ணியாச்சும் வச்சிட்டுப் போங்க" என்றாள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"பாட்டில்ல இருக்குல்ல. ஃபோல்டரு அளவ வந்து பாப்பேன். கூடலைன்னா இனிமே பூட்டே கிடையாது."

நான் அளவு பார்ப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். பிறகு, "சரிங்க" என்றாள்.

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் அந்த ஃபோல்டரைத் திறந்து எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். லேப்டாப்பிலேயே எடுத்த எழுபத்தொரு வீடியோ. எல்லாம் ஒன்றுபோலத்தான். அவள் முகம், பின்னால் எங்கள் வாசல் கதவு. "இன்னைக்கு மார்ச்சு இருபத்தேழு. காலைல எட்டு மணிக்கு வெளிய பூட்டிட்டுப் போயிட்டாக. போனும் அவுககிட்டதான் இருக்கு." எந்த இடத்திலும் மரியாதை குறையாமல்தான் பேசுகிறாள், கவனித்தீர்களா. தகர அறையில் எடுத்தது என்று ஒன்றுகூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலையில் வந்து கதவைத் திறந்தேன். கதவோரம் கிடந்தாள். கண் திறக்கவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. டாக்டர் எழுதியிருப்பது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. அவளைத் தாண்டிப் போய் லேப்டாப்பை எடுத்தேன். சார்ஜ் இல்லை. கூடத்துக்குக் கொண்டுவந்து சொருகிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அது உயிர்பெற்று ஓட இருபது நிமிடம் ஆனது.

ஒரு எம்பிகூடக் கூடவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு மனசு லேசாகிவிட்டது, ஐயா. சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உம்மேல தப்பில்ல தேவி, வெளிய வா" என்று சொன்னேன். அப்போது அவளுக்கு மூச்சு இல்லை.