பாவி என்றால் கிணறு

நான் வெளியில் எங்கும் தண்ணீர் குடிப்பவன் இல்லை. நீங்கள் எனக்காக வைத்த இந்தத் தம்ளரைத் தொடவில்லை என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகாராஜா காலத்திலிருந்து சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் ஆசாரமான குடும்பம் எங்களுடையது. வீட்டிலிருந்து கூஜா கொண்டு போவதுதான் வழக்கம். விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் அதை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அந்தக் கூஜாவில்தான் ஆரம்பித்தது.

கன்டோன்மென்ட்டும் சிட்டியும் ஒரே ஆபீஸின் கீழ் வந்த புதிது. மர்பி டவுனுக்கு அப்பால் இருந்த புறம்போக்கைத் தோல் பதனிடும் கம்பெனி ஒன்று குத்தகைக்குக் கேட்டது. விதி எளிது. பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருந்தால் கழிவு விட அனுமதி கிடையாது. வெறும் குட்டையென்றால் தடையில்லை. என் மேலதிகாரி கிருஷ்ணப்பா தீர்த்தஹள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழ் தெரியாது. அங்கே குடியிருந்தவர்களோ தமிழ்க் கூலிக்காரர்கள். எனக்கு இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு என்பதால் பார்த்து வர என்னை அனுப்பினார்.

நல்ல வெயில். வழியில் சைக்கிளிலிருந்து கூஜா விழுந்து கவிழ்ந்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாஞ்சாலி என்ற பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தேன். தெரிந்தவர் யாரும் இல்லை. கையைக் குவித்தேன், அவள் ஊற்றினாள். இன்னும் ஊற்றச் சொன்னேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அவள் கேட்டாள். "எங்க கெணத்துத் தண்ணி எப்டி கீது சாமி? ஊட்டாண்ட போய்ச் சொல்லுவீங்களா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் அடங்கவில்லை. தாகத்துக்கு ஒரு வாய் குடித்தவனைக் கேள்வி கேட்க இவள் யார்?

சாயங்காலம் கிருஷ்ணப்பா கேட்டார். "பாவினோ, குண்ட்டெனோ?"

கன்னடத்தில் பாவி என்றால் கிணறு. குண்ட்டெ என்றால் குட்டை.

"குண்ட்டெ சார்" என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். கிணறு என்றால் அதில் மனிதர்கள் குடிக்கிறார்கள் என்று ஆகும். குட்டையில் யாரும் குடிப்பதில்லை. நானும் குடித்திருக்க முடியாது.

மீதியெல்லாம் முறைப்படி நடந்தது. குத்தகை கையெழுத்தானது. சுண்ணாம்பும் தோல் அழுகலுமாகக் கழிவு குட்டையில் இறங்கியது. தெருக்குழாய் அவர்களுக்குத் தூரம், அதிலும் பாதி நாள் காற்றுதான் வரும். ஆகவே அந்தத் தண்ணீரையே துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். வாந்தியும் பேதியும் கண்டது. முதலில் போனவை குழந்தைகள். பாஞ்சாலியின் பெண்ணும் அதில் உண்டு. கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. குட்டை என்று முடிவான பிறகும் குடித்தால் நான் என்ன செய்வது?

ஒரு நாள் அவள் ஆபீஸுக்கே வந்தாள். அங்கே இருப்பது என்ன என்று கிருஷ்ணப்பா கன்னடத்தில் கேட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"பாவி."

கிருஷ்ணப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாவி அந்தாளல்லா, சுந்தரேசன்?" கிணறு என்றல்லவா சொல்கிறாள் என்று கேட்டார். நியாயமான மனிதர். நான் தலையை ஆட்டியிருந்தால் அன்றைக்கே அனுமதியை ரத்து செய்திருப்பார்.

இல்லை என்றேன். தமிழில் அது திட்டு, இந்தப் பெண் என்னைத் திட்டுகிறாள் என்று விளக்கினேன். பியூன் அவளை வெளியே கொண்டுபோய் விட்டான். அதற்குப் பிறகும் மழைக்காலம் முழுவதும் கழிவு இறங்கியது, அங்கே பாடை கட்டாத வீடு குறைவு. என் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

குட்டை என்று சொன்னவன் நான்தான். தெரிந்துதான் சொன்னேன். அத்தனை உயிருக்கும் நானே பொறுப்பு என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் குடித்ததை மட்டும் எழுதாதீர்கள்.