கிழங்குப் பந்தி

ஜப்பான்காரன் ஆட்சியில் ஒரு காலை, சுங்கைப் பட்டாணி நகரில் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றேன். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் கடைப்பக்கம் நகரவேண்டும். என் நெற்றி கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. பணிவு என்று நினைத்துவிடவேண்டாம், பயம்.

அவனைத் தாண்டியதும், எனக்கு முன்னால் நின்றவர் மனைவியிடம் சொன்னார்:

"இங்கதான் புள்ள எனக்கு வெக்கமே இல்ல. எல்லார் கையும் ஆடுது. என் கைய எவன் பாக்குறான்?"

எங்கள் கைகள் அடங்கிய பிறகும் அவருடைய வலக்கை ஆடிக்கொண்டே இருந்தது. நடுக்குவாதம்.

"அப்ப நாளைக்குக் குருண் ரப்பர் தோட்டத்துக்கு வாங்க. தங்கச்சி மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் போகாம இருக்கலாமா?"

"வரேன். பந்தியில மட்டும் உக்காரமாட்டேன். போன தடவ பக்கத்து எலையெல்லாம் சோத்த எறச்சேன். சிரிச்சானுங்க."

"சோறா? எந்தக் காலத்துல இருக்கீங்க? அவிச்ச மரவள்ளிக்கிழங்குதான் போடுறாங்களாம். கையில புடிச்சுக் கடிக்கலாம்லா, ஒன்னும் சிந்தாது."



"கொழம்பு ஊத்துவாங்களே?"

"பக்கத்துல உக்காந்து நான் தொட்டுத் தரேன்."

"ஆம்பளைங்க பந்தியிலயா? பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"இந்தத் துப்பாக்கிக்காரனையே தாண்டி வந்துட்டேன். உங்க சொந்தக்காரனுங்களுக்கா பயப்படப் போறேன்?"

வரிசை நகர்ந்தது. அவர் ஆடும் கையை அவள் தோளில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

"பந்தியில உக்கார இருக்கறது ஒரே வேட்டி. வீட்டுக்குப் போனதும் தொவச்சுப் போடு, புள்ள."