கல்யாண வண்டிக்குப் பின்னால் வந்தவர்கள்

வேலை தேடி ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். எதிர்ப் பலகையில் ஓர் அக்காளும் தங்கையும். அக்காள் திடீரென்று சொன்னாள்:

“எம்புள்ள கல்யாண ஊர்வலத்துல மனுசங்களவிட நாய்ங்கதான் ஜாஸ்தி.”

“இன்னாக்கா சொல்ற? நான்தான் கல்யாணத்துக்கு வரமுடியாமப் போச்சே.”

“வூடு ஊருக்கு வெளியில. சொந்த வண்டி ஏது? தோல் ஷாப்புக்குத் தோல் ஏத்துற மாட்டுவண்டிய அங்க இருக்குற மேஸ்திரி இரவல் குடுத்தாரு. பொண்ணு ஏறப்போறாளேன்னு மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவினேன்.”

“ஐயையோ! பச்சைத்தோல் கெடந்த பலகையாச்சே. ஈரம் பட்டா நாத்தம் எழும்புமே!”

“எழும்புச்சு. பொண்ணு மாப்பிள்ள முன்னால, ஊர் நாயெல்லாம் பின்னால. நாயனக்காரன் ஊதுறத வுட்டுட்டு நாயனத்தாலயே வெரட்டுறான்!”

இருவரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். தங்கைதான் முதலில் நிறுத்தினாள்.

“அந்தக் கோவத்துல அம்மா வூட்டுக்குப் போன மருமவ திரும்பி வருவாளாக்கா?”

“இன்னிக்குக் கூட்டிம்போக வர்றோம்னு சொல்லியனுப்பிட்டேன். குடியாத்தம் ஸ்டேஷன்ல நிக்கலன்னா அவ வரலன்னு அர்த்தம். எம்புள்ள இப்பவே பாதியா எளச்சிட்டான்.”

குடியாத்தம் வந்ததும் இருவரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

பிளாட்பாரத்தில் ஒரு பெண் மூட்டையோடு நின்றிருந்தாள். அக்காள் இறங்கும் முன்பே கத்தினாள்: “வண்டி கெடைக்கல கண்ணு! ஆம்பூர்ல எறங்கி நடந்துதான் போவணும்!”

“நடக்கலாம் அத்தே. ஆனா ஊர்வலத்துக்கு வந்த தோஸ்துங்க வழியில நிப்பாங்களே,” என்று பெண் மூட்டையைத் தட்டினாள். “அவங்களுக்குன்னு கருவாடு கொண்டாந்திருக்கேன்.”