ஓய்வு பெற்று ஒன்றாம் வகுப்புக்கு வரும் எல்சி அம்மையாருக்கு

இராயபுரம், ஜூன் 1934

துறைமுகச் சங்கு ஊதுமுன் பள்ளிக் கதவைத் திறந்தவரே! கடலோரப் பிள்ளைகளுக்குக் கையெழுத்தும் கணக்கும் தந்தவரே! எங்கள் தலைமை உபாத்தியாயினி எல்சி ஞானதீபம் அம்மையார் அவர்களே! வணக்கம்.

மாலை வகுப்பில் தமிழ் படித்தவன், தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்று சொல்லி இந்த மடலை என்னிடம் ஒப்படைத்தார்கள். முதலில் எழுதியதில் "பிரியாவிடை" என்றும், "இனிக் கடற்காற்று வாங்கி ஓய்ந்திருங்கள்" என்றும் இருந்தது. வியாழக்கிழமை நீங்கள் செய்த காரியத்தால் அதைக் கிழிக்க வேண்டியதாயிற்று. இதுவும் சரியாக வந்திருக்கிறதா, தெரியவில்லை. எங்களில் யாருக்கும் அதிர்ச்சி இன்னும் நீங்கவில்லை.

எங்களைத் திகைக்க வைப்பது உங்களுக்குப் புதிதல்ல. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஆசிரியர்களில் ஒருவர் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும், மற்றவர்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும் என்று விதித்தீர்கள். முதல் பாடத்தை நீங்களே நடத்தினீர்கள். நாங்கள் "பேஷ்" என்றோம். காசிமேட்டு மீனவர் வீட்டிலிருந்து அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு நடத்த வந்திருந்த கன்னியம்மா எழுந்தாள்.

"டீச்சரம்மா, கேள்வியும் நீங்களே கேட்டுகினீங்க, பதிலும் நீங்களே சொல்லிகினீங்க. பசங்க சும்மா குந்திகினு கீதுங்க."

நீங்கள் அதே பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினீர்கள், பாதி நேரம் வாயைத் திறக்காமல். எங்கள் குறைகளைக் கேட்க நாங்கள் கூசாமலானது அதற்குப் பிறகுதான். ராமசுப்பு ஐயாவை ஹையர் கிரேடு ஆசிரியர் பரீட்சைக்கு விரட்டியதும், தயங்கித் தயங்கி நின்ற என்னை மாலை வகுப்புக்குத் தள்ளியதும் நீங்களே.

இப்போது கன்னியம்மாவுக்கு ஆசிரியர் டிரெயினிங் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது. இதைத் தவறவிட்டால், பயிற்சி பெறாதவள் என்று அவளுடைய வேலையே போய்விடும். ஆனால் வியாழக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் தண்டபாணி முதலியார் அவர்கள் லீவு தர மறுத்தார். (அவர் இந்த மேடையில் இருக்கிறார், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.)

"ரெண்டு வருசம் ஒண்ணாங் கிளாஸை யாரு பாத்துக்கறது? காத்து வந்து பாடம் நடத்துமா?"

"நான் நடத்துறேன்" என்றீர்கள்.

"நீங்க சனிக்கிழமை ரிடையர் ஆகறீங்களே அம்மா!"

"ஆமா. திங்கக்கிழமை சும்மாத்தானே இருப்பேன்?"

தலைமை நாற்காலியில் அமர்ந்தவர் பிள்ளைகள் எழுதிப் பழகும் மணல்தட்டுக்கு முன்னால் பதிலாளாக உட்காருவதா! அடுத்த தலைமை உபாத்தியாயரான ராமசுப்பு ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"அம்மா, உங்க கிளாஸை நான் எப்படி மேற்பார்வை பாக்கறது?"

"பின்பெஞ்சுல உக்காந்துதான். தப்பு இருந்தா சொல்லு. கன்னியம்மா சொன்னப்போ நான் என்ன செத்தா போயிட்டேன்?"

மேனேஜர் அவர்கள் கடைசியில் இசைந்தார், ஒரு நிபந்தனையோடு. "நீங்க நடத்தற வரைக்கும்தான். நீங்க படுத்துட்டீங்கன்னா அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிட்டுடுவேன்."

கன்னியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒடம்பு தாங்குமா டீச்சரம்மா? அறுபது வாண்டுங்க. ஒவ்வொண்ணும் ஒரு சுறா."

"சுறாவை நான் பாத்துக்கறேன். நீ போய்ப் பாஸ் பண்ணு."

அம்மையாரே! பாராட்டு மடல்களின் கடைசியில் நீண்ட ஆயுளும் உடல்நலமும் வேண்டுவது வழக்கம். அதைப் பெரும்பாலும் மரியாதைக்காக எழுதுவார்கள். நாங்கள் அப்படி எழுதவில்லை. உங்களுக்கு ஜலதோஷம்கூட வரக்கூடாது. ஐப்பசி மழையில் குடையில்லாமல் வராதீர்கள். உங்கள் மத்தியானச் சோற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள். தொண்டை கட்டினால் எங்களில் ஒருவருக்குச் சைகை காட்டுங்கள், வகுப்பைப் பார்த்துக்கொள்கிறோம். இந்த வரியை மட்டும் மேனேஜர் அவர்கள் காதில் வாங்காதிருக்கும்படி பணிவோடு வேண்டுகிறோம்.

நூறாண்டு வாழுங்கள் அம்மா. ஆனால் முதலில் இந்த இரண்டு ஆண்டுகள்.

இங்ஙனம்,
திங்கட்கிழமை காலை தங்களை எதிர்பார்க்கும்
பள்ளி உபாத்தியாயர்களும் உபாத்தியாயினிகளும்